தெற்கே வைத்த சோறு

காகம் வரவில்லை.

மொட்டை மாடியில் தெற்குப் பார்த்து இலை போட்டிருந்தது. சோறு, முருங்கைக்காய் சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். திருமுருகன் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டான். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு காகம் இருந்தது. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. அங்கேயே இருந்தது.

அப்பா சீனுவாசன் இறந்து வருடம் திரும்பிய தெவசம். காகம் தொடாமல் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. கீழே கூடத்தில் சொந்தக்காரர்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகளுக்கு மட்டும் பிஸ்கட் கொடுத்திருந்தார்கள்.

அம்மா கெங்கம்மாள் மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலிக்காரி. வருடம் முழுக்க மாடி ஏறாதவள் இன்றைக்கு ஏறினாள்.

"நீ கூப்புட்டா வருவாரு" என்று காலையில் சொல்லியிருந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கும், அதற்குப் பிறகு வந்த அமாவாசைகளுக்கும் ஊரோடு இருக்கும் தம்பி பூவரசன்தான் சோறு வைத்தான். ஒரு தடவையும் காகம் தொடவில்லை. மூத்த மகனுக்காகக் காத்திருக்கிறார் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். கொள்ளி வைக்க வேண்டியவன் வரவில்லை, அவருக்கு மனத்தாங்கல் என்று சிலர் சொன்னார்கள். அம்மா இரண்டாவதைத்தான் நம்பினாள். அமாவாசையன்று சாப்பிடுவதை விட்டுவிட்டாள். அவர் பட்டினி என்றால் நானும் பட்டினி என்றாள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள். போன மாதம் அமாவாசையன்று கிணற்றடியில் மயங்கி விழுந்தாள்.

"காக்கா எல்லாம் பைபாஸ் கறிக்கடையில கீது" என்றான் பூவரசன். "சாம்பாருக்கு எதுனா வருமா?"

"வாய மூடு" என்றாள் அம்மா.

"இல்லம்மா. மனுசன் ஆயுசு பூரா மல்லாட்டக் கொல்லையில தகரத்தத் தட்டி காக்காவத் தொரத்தனாரு. இப்ப அவரு பேரச் சொல்லி வான்னா, அதுங்களுக்கும் ரோசம் இருக்காதா?"

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

திருமுருகன் இலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சோற்றின் மேல் ஆவி அடங்கிவிட்டது.

அவன் விழுப்புரத்தில் கனரக வண்டிகளுக்கு மெக்கானிக். டோசர், கிரேன், ஜேசிபி. அண்டார்டிகாவில் இருக்கும் இந்திய நிலையத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லி விண்ணப்பம் போட்டான். எடுத்துக்கொண்டார்கள். கோடையும் குளிர்காலமும் சேர்த்து ஒரு வருடத்துக்கு மேல். நடுவில் திரும்பி வர வழி கிடையாது. கடல் உறைந்துவிடும்.

வழியனுப்ப அப்பா விழுப்புரம் ஜங்ஷனுக்கு வந்தார். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு ஒரே கேள்வி கேட்டார்.

"அங்க மண்ணு கீதாடா?"

"பாறை கீதுப்பா. மிச்சம் எல்லாம் பனி."

"மண்ணு இல்லாத ஊருக்கு இன்னாத்துக்குப் போற?"

அப்பா மஞ்சள் பையை நீட்டினார். வறுத்த மல்லாட்டை, சொந்தக் கொல்லையில் விளைந்த வேர்க்கடலை.

"கப்பல்ல வயித்தப் பொரட்டும். நான் மரக்காணத்துல ஒரு தடவ படகு ஏறனேன். கரையிலேர்ந்து கூப்புடு தூரங்கூட இல்ல. கொடலு வெளிய வந்துடுச்சி. வாயில எதுனா போட்டு மென்னுக்கினே இரு."

ரயில் நகர்ந்தபோது அவர் கையை ஆட்டவில்லை. பெட்டியோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தார்.

கேப் டவுனில் கப்பல் ஏறினார்கள். கரை மறைந்ததும் கடல் மாறியது. அறையில் வட்டமான சன்னல். அலை வருவது அதில்தான் தெரியும். முதலில் கண்ணாடி பச்சையாகும். பிறகு கறுப்பாகும். பிறகு வானம் வரும். மறுபடி பச்சை. கட்டிலின் இரண்டு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். மல்லாட்டை போன வழியிலேயே திரும்பி வந்தது.

ஒருவர் கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டு வந்தார். வயிறு பெருத்த மனிதர். கப்பல் சாயச் சாய அவரும் சாய்ந்து, ஒரு சொட்டு சிந்தாமல் வந்தார். நிலையத்துக்குச் சமையலுக்குப் போகிறவர். பெயர் சவுரிராயன்.

"எந்த ஊரு தம்பி?"

"விழுப்புரம். சொந்த ஊரு திண்டிவனம் பக்கம்."

"நான் திண்டிவனமே." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "சரி, குடி. வாந்தி வந்தா மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்கோ. ஒலகத்தோட கடைசிக்குப் போற வழியில ஊர்க்காரன் எம்மேலயே எடுத்தான்னு இருக்கக் கூடாது."

அவர் மேலேயே எடுத்தான்.

உடம்பு சரியானதும் மேல்தளத்துக்குப் போனான். பெரிய பறவை ஒன்று கப்பலின் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஆல்பட்ராஸ் என்றார்கள். விரித்த சிறகை அது அசைக்கவேயில்லை. அலை எழும்போது எழுந்தது, இறங்கும்போது இறங்கியது. அடிவயிறு தண்ணீரைத் தொடுவது போல இருக்கும். தொடாது. குளிரில் கண் நீர் வழியும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு பனி வந்தது. முதலில் துண்டுகள். பிறகு வெள்ளைத் தரை. கடல் சத்தம் நின்றது. அத்தனை நாள் ஆடிய கப்பல் ஒரே நாளில் அசையாமல் போனது. கால்களுக்கு அது புரியவில்லை. எல்லோரும் தள்ளாடி நடந்தார்கள்.

பெங்குவின்கள் வரிசையாக வந்து கப்பலைப் பார்த்தன. முன்னால் வந்தது நின்றால் எல்லாம் நின்றன. "ரேஷன் கடையில இன்னிக்கி இன்னா போடறாங்கன்னு பாக்க வந்திருக்குதுங்க" என்றார் சவுரிராயன். சீல்கள் ஏரிக்கரை எருமைகளைப் போலப் படுத்துக் கிடந்தன. பக்கத்தில் போனால் ஒரு கண்ணைத் திறக்கும். மூடிக்கொள்ளும்.

திரும்பி வந்த பிறகு விழுப்புரத்தில் எல்லோரும் பெங்குவினைத்தான் கேட்டார்கள். அவன் நினைத்துக்கொள்வது வேறு. குளிர்காலத்தில் டோசரின் எஞ்சினை நிறுத்திவிட்டால் வரும் அமைதி. உறைந்த கடலில் காதை வைத்தால் அடியில் சீல் விசிலடிப்பது. பட்டறையில் மத்தியான வெயிலில் தகரக் கூரை சடசடக்கும்போது கையில் ஸ்பேனரோடு நின்றுவிடுவான். கூட வேலை செய்கிறவர்கள், "அவரு கப்பல் ஏறிட்டாருப்பா" என்பார்கள்.

அப்பா போனது ஆடியில். அங்கே பகலும் இருட்டாக இருந்த மாதம். மாரடைப்பு. கொல்லையிலேயே விழுந்தார். பூவரசன் போனில் வீடியோ போட்டுக் காட்டினான். பாடையில் கால் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டியிருந்தது தெரிந்தது. மேளம் கேட்டது. அப்போது படம் நின்றுவிட்டது. அந்த இரண்டு கட்டைவிரல்கள் திரையில் வெகுநேரம் இருந்தன.

சவுரிராயன் சமையலறையில் நாற்காலி போட்டு அவனுக்கு மொட்டை அடித்தார். "வெளிய போவாத. மண்ட வெறச்சிடும்" என்றார். தன்னுடைய கம்பளித் தொப்பியை மாட்டிவிட்டார். அன்றைக்கு நிலையத்தில் எல்லோருக்கும் கூட்டு மட்டும்தான். கறி சமைக்கவில்லை.

"நீ கேளு" என்றாள் அம்மா, மாடிப்படியில் இருந்தபடி.

திருமுருகன் திரும்பினான்.

"உங்கப்பாவக் கேளு. இன்னா கொறைன்னு கேளு."

பூவரசன் கீழே போய் அவித்த மல்லாட்டை ஒரு கை கொண்டு வந்து இலையில் வைத்தான். அப்பாவுக்குப் பிடித்தது. காகம் தொட்டியிலிருந்து ஒயருக்கு வந்தது.

"கேளு" என்றாள் அம்மா மறுபடி.

அவனுக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் ஒயர் பக்கம் திரும்பினான். தொண்டையைச் செருமினான்.

"நான் வந்துட்டேம்பா" என்றான்.

காகம் எழுந்து பறந்தது. கரும்புக் கொல்லையைத் தாண்டி, சவுக்குத் தோப்புப் பக்கம் போய் மறைந்தது.

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை.

"எல்லாரையும் ஒக்காரச் சொல்லு. புள்ளைங்க பசியா கீதுங்க. எனக்கு வாணாம்."

"அம்மா, மாத்திரை போட்டிருக்க."

"வாணாண்டா."

படியில் கனமான காலடிச் சத்தம் கேட்டது. முதலில் மூச்சு வந்தது. பிறகு சவுரிராயன் வந்தார். பின்னால் திருமுருகனின் மனைவி கலைப்பிரியா.

"இவருதான் அங்க சமையல் பண்ணவரு அத்தே. சவுரிராயன் அண்ணன்" என்றாள்.

"வாப்பா" என்றாள் அம்மா. எழுந்திருக்கப் பார்த்தாள்.

"ஒக்காரும்மா, ஒக்காரு. திண்டிவனம் பஸ்ஸு பேஜாரு. நின்னுக்கினே வந்தேன். பந்தி முடிஞ்சிருக்கும்னு ஜல்தியா ஓடியாந்தா, கீழ எல்லாம் சொவத்தப் பாத்துக்கினு ஒக்காந்திருக்குது." இலையைப் பார்த்தார். ஆகாயத்தைப் பார்த்தார். "இன்னா, காக்கா வர்லியா?"

"வர்ல" என்றான் பூவரசன். "ஒரு வருசமா வர்ல."

"இங்க எப்படி வருவாரு? அவுருதான் அங்க சாப்ட்டாரே."

"அண்ணே" என்றான் திருமுருகன். "வாணாம்."

"ஏன் வாணாம்? சொல்லலியா நீ?"

அம்மா நிமிர்ந்தாள். "யாரு சாப்ட்டது?"

சவுரிராயன் திருமுருகனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"போன தை அமாவாசைம்மா. தம்பி வந்து, அண்ணே கொஞ்சம் சோறு வேணும்னான். படைக்கணும்னான். நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன், எனக்கு மொறை தெரியாது. ஆனா படையல்னா வடை இல்லாம எப்படின்னு பருப்பு ஊற வெச்சேன். கருவேப்பிலகூட காஞ்ச சருகுதான். எலை கெடையாது, தட்டு. சமக்கட்டுக்குப் பின்னால ஒரு பாறை. அங்க கொண்டாந்து வெச்சான். காக்கா எங்கடா இங்கன்னேன். அந்த ஊர்ல காக்கா கெடையாதும்மா. குருவி கெடையாது. ஈ கெடையாது."

"அப்பறம்?"

"ஸ்குவான்னு ஒண்ணு. பருந்து அளவு இருக்கும். நான் அண்டார்டிகா காக்கான்னுதான் சொல்வேன். அதே புத்தி. பெங்குவின் முட்டையத் திருடும், மனுசன் தலையில கொத்தும், யாருக்கும் பயப்படாது. தம்பி ஒரு தடவதான் கூப்புட்டான். கா கூட முழுசா சொல்லல. நேரா வந்து தட்டு மேலயே எறங்கிடுச்சி."

"கூப்புட்ட ஒடனேவா?"

"ஒடனே."

அம்மா திருமுருகனைப் பார்த்தாள். "நெசமா?"

"நெசந்தாம்மா."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"அங்க எதுக்கும் சோறு வெக்கக் கூடாதும்மா. அது சட்டம். மனுசன் துன்ற எதையும் அதுங்க துன்னக் கூடாது. எனக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் வெச்சேன். நிலையத் தலைவரு கூப்புட்டுத் திட்டனாரு."

"அவுரு நல்லவரும்மா" என்றார் சவுரிராயன். "திட்டிட்டு, உங்கப்பா பேரு இன்னான்னு கேட்டாரு."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். விரலால் வெகுநேரம் தள்ளினார். பெங்குவின் போனது, கப்பல் போனது, பெரிய சட்டி ஒன்று போனது. பிறகு நிறுத்தி, அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மா போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். பாறை. தட்டு. தட்டின் மேல் கால் வைத்து நிற்கும் பழுப்புப் பறவை. வளைந்த மூக்கில் சோறு ஒட்டியிருந்தது. நேராக இந்தப் பக்கம் பார்த்தது.

"மொறைக்கறத பாரு" என்றாள். குரல் மாறியிருந்தது. "சோறு வெக்க நேரமானா இப்படித்தான் பாப்பாரு."

பூவரசன் அவள் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தான்.

"எந்தப் பக்கம் பாத்து வெச்ச?" என்று கேட்டாள் அம்மா.

"தெக்கு."

"அங்க தெக்கால இன்னா கீது?"

"ஒண்ணுமில்லம்மா. அதுக்கப்பறம் பனிதான். ஊரே கெடையாது."

அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"செத்தவங்க தெக்காலதான் போவாங்க. அதுக்குத்தான் எலைய அந்தப் பக்கம் பாத்துப் போடறோம்." இலையைக் காட்டினாள். "நீ தெக்கால அந்தக் கடைசியில ஒக்காந்திருந்திருக்க. உங்கிட்டதான் வந்திருக்காரு. அப்பறம் இங்க எப்படி வருவாரு?"

"அப்ப நான் வெச்சதுல குத்தமில்ல" என்றான் பூவரசன்.

அவன் அதை மெதுவாகத்தான் சொன்னான். திருமுருகன் தம்பியைப் பார்த்தான். ஒரு வருடமாக அவன் வைத்த சோற்றை அவனே எடுத்து மாட்டுக்குப் போட்டிருக்கிறான். அந்த நினைப்பு திருமுருகனுக்கு இதுவரை வந்ததில்லை.

"உம்மேல இன்னா குத்தம்?" என்றாள் அம்மா. "அந்த மவராசன் என்னிய ஒரு எடத்துக்குக் கூட்டிக்கினு போனதில்ல. புதுச்சேரி கடக்கரைக்குக்கூட. தனியா போயிருக்காரு பாரு, அவ்ளோ தூரம்."

சவுரிராயன் சிரித்தார். கலைப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மறுநாளும் வந்துதா?" என்று கேட்டாள் அம்மா.

சவுரிராயன் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஆகாயத்தைப் பார்த்தார். இதைச் சொல்ல வேண்டியது அவர் இல்லை.

"வந்துது" என்றான் திருமுருகன். "தெனமும் வந்துது. சமக்கட்டுக் கதவாண்ட ஒக்காந்துக்கும். பழகிடுச்சி. பழகக் கூடாதுன்னாங்க. நாங்க போயிட்டா அதுக்குத்தான் கஷ்டம். நீயே பழக்கன, நீயே தொரத்துன்னாரு தலைவரு."

"தொரத்துனியா?"

"தொரத்தனேன்."

"எப்படி?"

அவன் இலையைப் பார்த்தான்.

"தட்டத் தட்டி" என்றான். "படைச்ச தட்டுதான். கரண்டியால தட்டிக்கினே பின்னால ஓடனேன்."

கீழே ஒரு குழந்தை பசியில் அழுதது.

அம்மாவின் தோள் குலுங்கியது. திருமுருகன் ஓரடி முன்னால் வந்தான். பிறகுதான் அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. சத்தம் வராமல் சிரித்தாள். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

"ஆயுசு பூரா தகரத்தத் தட்டனாரு. கடைசியில பெத்த புள்ள அவரத் தட்டித் தொரத்தியிருக்கான். அவரு தொரத்துன காக்கா எல்லாம் கேட்டா சிரிக்கும்டா."

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் சவுரிராயன். "கொல்லையில காக்கா தொரத்தற மாதிரியே ஓடறான்னு."

"போயிட்டுதா?" என்றாள் அம்மா.

"போவல. கொஞ்ச தூரம் போயி ஒக்காந்துக்கும். சத்தம் நின்னா திரும்ப வரும்."

"தெரியும். அவரு போவ மாட்டாரு."

"கப்பல் கெளம்பறப்ப பின்னாலயே வந்துதும்மா. அதுதானா வேற ஒண்ணான்னு தெரியாது. பனி முடியற எடம் வரைக்கும் வந்துது. அலை ஆரம்பிச்சதும் திரும்பிடுச்சி."

"அதேதான். மரக்காணத்துல படகு ஏறி வாந்தி எடுத்துட்டு, அப்பறம் கடலப் பக்கத்துல போயிப் பாத்ததில்ல." கையை நீட்டினாள். பூவரசன் பிடித்துத் தூக்கினான். எழுந்து நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "இப்ப அங்கதான் இருக்குமா அது?"

"இப்ப இருக்காது. ஆடியில அங்க இருட்டு. குளிருக்குப் பயந்து வடக்கால கெளம்பிடும். கடல் மேலயே சுத்திக்கினு கெடக்கும். ஒண்ணு ரெண்டு நம்ம நாட்டுக் கடல் வரைக்கும் வரும்னு சொல்லிக்குவாங்க."

அம்மா கிழக்கே பார்த்தாள். மரக்காணம் அந்தப் பக்கம்தான். கரும்பும் போன் டவரும் மட்டும் தெரிந்தன.

"எலைய எடுக்காத" என்றாள். "கெடக்கட்டும். வர்றப்ப வரட்டும்."

கீழே பந்தி போட்டார்கள். சவுரிராயன் உட்காராமல் சாம்பார் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டார். உட்காருங்கள் என்று கலைப்பிரியா சொன்னதைக் கேட்கவில்லை. "எனக்கு ஒக்காந்து சாப்புடறது பழக்கம் வுட்டுப் போச்சும்மா" என்றார்.

திருமுருகன் கடைசியாக மாடியிலிருந்து இறங்கினான். இறங்கும் முன் ஒரு தடவை தெற்கே பார்த்தான். வெயிலில் வானம் வெளுத்திருந்தது. கப்பலின் வட்ட சன்னல் ஞாபகம் வந்தது. பச்சை, கறுப்பு, வானம்.

அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் பூவரசன். அம்மா தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தாள். எல்லாம் பரிமாறும்வரை காத்திருந்தாள். பிறகு அவன் பக்கம் சாய்ந்தாள்.

"எத மொதல்ல துன்னுச்சி?"

"எது?"

"அது. தட்டுல."

"வடைய" என்றான்.

அம்மா தன் இலையில் வடையை முதலில் எடுத்தாள்.